படத்துக்கு எழுதும் இசை, தனியாகக் கேட்க எழுதும் இசை: அனிமே ஆல்பங்கள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன?

ஒற்றைத்தந்தி எழுதியது:

ஹாலிவுட் படங்களின் பின்னணி இசை ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் பாதியிலேயே எனக்குச் சலித்துவிடுகிறது. ஒரு டிராக் ஒன்றேகால் நிமிடம் ஓடும். ஏதோ வரப்போகிறது என்று வயலின்கள் ஏறிக்கொண்டே போகும். சட்டென்று நின்றுவிடும். திரையில் அந்த நேரம் கதவு திறந்திருக்கும், இல்லை யாராவது சுட்டிருப்பார்கள். ஆல்பத்தில் கதவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால் டிவி அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், ஒன்றின் ஆல்பத்தைப் போட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரிவதில்லை. தொடரையே பார்க்காத ஆல்பங்களும் அப்படித்தான்.

என் கணிப்பில் இதற்குக் காரணம் திறமை இல்லை, வேலை நடக்கும் வரிசைதான். பெரும்பாலான படங்களில் எடிட்டிங் முடிந்த காட்சியைப் பார்த்துத்தான் இசையமைப்பாளர் எழுதுகிறார். ஜப்பானிய டிவி அனிமேயில் நெடுங்காலமாக வேறு வழக்கம். ஒலி இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். குரல் பதிவு, சத்தங்கள், இசை மூன்றும் அவர் பொறுப்பு. அவர் தொடர் தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் தயாரித்து இசையமைப்பாளரிடம் கொடுக்கிறார். எம்-1, எம்-2 என்று எண் போட்ட பட்டியல். 'சந்தேகம், மெதுவாக', 'வகுப்பறை, கலகலப்பு', 'சண்டை, தோற்கும் நிலை' என்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி. இசையமைப்பாளர் கையில் இருப்பது இந்தப் பட்டியல், கதைச் சுருக்கம், கொஞ்சம் திரைக்கதை, பாத்திரங்களின் ஓவியங்கள். அசையும் படம் பல நேரம் கையில் இருக்காது. அதை வைத்து மொத்தமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிடுவார். அப்புறம் வாரா வாரம் ஒலி இயக்குநரோ, அவருக்குக் கீழே இசை தேர்ந்தெடுப்பவரோ அந்தக் கிடங்கிலிருந்து எடுத்து, வெட்டி, காட்சிக்குப் பொருத்துவார்கள்.

ஆக, எழுதும்போதே அந்த இசை சொந்தக் காலில் நின்றாக வேண்டும். எந்தக் காட்சியில் வரும், எத்தனை விநாடி வரும் என்று எழுதுபவருக்கே தெரியாது. அதனால் ஒரு தொடக்கம், ஒரு நடு, ஒரு முடிவு எல்லாம் வைத்து இரண்டு நிமிடப் பாட்டு மாதிரி கட்டுகிறார்கள். ஆல்பத்தில் நமக்குக் கிடைப்பது அந்த வெட்டாத வடிவம்.

சரிதானா? இசை எழுதுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

————

டெசிபல் எழுதியது:

பாதி சரி. 'அனிமே' என்று ஒரே பெட்டியில் போட்டதில்தான் எனக்குச் சிக்கல். நீங்கள் சொல்வது டிவி தொடர். திரையரங்குக்கு வரும் அனிமே படங்களில் பலதும் மற்ற படங்களைப் போலவே காட்சியைப் பார்த்து, விநாடிக் கணக்கில் எழுதப்படுபவை. அவற்றின் ஆல்பங்களிலும் அந்த ஒன்றேகால் நிமிட டிராக்குகள் உண்டு.

————

கிளிக்டிராக் எழுதியது:

குறும்படங்களுக்கு இசை எழுதுகிறேன், பெரிய ஆள் இல்லை. காட்சியைப் பார்த்து எழுதுவது என்றால் என்ன என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டினால், ஆல்பத்தில் ஏன் நொண்டுகிறது என்பது புரியும்.

காட்சி தொடங்கி 13.5ஆவது விநாடியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தத் திரும்பலில் இசை விழ வேண்டும் என்கிறார் இயக்குநர். படம் விநாடிக்கு 24 ஃபிரேம். நான் நிமிடத்துக்கு 120 பீட் டெம்போவில் எழுதுகிறேன் என்றால் ஒரு பீட்டுக்கு 12 ஃபிரேம், அரை விநாடி. 13.5 விநாடிக்கு 27 பீட். நான்கு நான்காக எண்ணினால் ஆறு சுற்று முடிந்து மூன்று பீட் மிஞ்சுகிறது. அதாவது அவள் திரும்பும் இடம் சுற்றின் கடைசி பீட்டில் விழுகிறது. வலுவான இடம் முதல் பீட். இப்போது எனக்கு மூன்று வழி. டெம்போவை 106.67-க்கு இறக்கினால் சரியாக ஆறு சுற்றில், 24 பீட்டில் வந்து சேரும். 124.4-க்கு ஏற்றினால் ஏழு சுற்று, 28 பீட். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் நடுவில் எங்காவது ஒரு சுற்றை மூன்று பீட்டோடு வெட்டிவிட வேண்டும்.

பலரும் செய்வது மூன்றாவது. திரையில் பார்க்கும்போது அந்த வெட்டு யாருக்கும் தெரியாது, கண் அவள் முகத்தில் இருக்கும். படத்தை எடுத்துவிட்டு இசையை மட்டும் கேளுங்கள், தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை அந்த இடத்தில் தடுக்கும். இப்படி ஒரு காட்சியில் நாலைந்து இடம் இருக்கும். நாலைந்து தடுக்கல் உள்ள இரண்டு நிமிட இசையை ஆல்பத்தில் எப்படிப் போடுவது? ஒன்று, அப்படியே போடலாம். அதைத்தான் ஒற்றைத்தந்தி குறை சொல்கிறார். இல்லை, வெட்டின சுற்றுகளை நிரப்பித் திரும்ப ஒரு வடிவம் எழுதலாம். அதற்குப் பெரும்பாலும் நேரம் தரமாட்டார்கள்.

பட்டியல் முறையில் எழுதினால் இந்தத் தலைவலி ஒலி இயக்குநருக்குப் போய்விடுகிறது. அவர் வெட்டுவதற்கு வசதியாக டிரம்ஸ் இல்லாத வடிவம், பியானோ மட்டும் உள்ள வடிவம் என்று ஒரே இசையைப் பிரித்துப் பிரித்தும் கொடுப்பார்கள்.

————

மழைரேடியோ எழுதியது:

அப்படியானால் பட்டியல் முறையில் காட்சிக்கும் இசைக்கும் பொருத்தம் குறைவாகத்தானே இருக்கும்? எதையோ நினைத்து எழுதினதை எங்கேயோ ஒட்டுகிறார்கள். நமக்கு ஆல்பம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் படம் நஷ்டப்படலாமா?

————

ஒற்றைத்தந்தி எழுதியது:

நஷ்டமும் உண்டு. ஒரே சோக பியானோ ஒன்பதாவது எபிசோடில் திரும்ப வரும்போது 'இது போன வாரம் நாய் செத்தபோது வந்ததுதானே' என்று தோன்றிய தொடர்கள் நிறைய.

ஆனால் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 1998-இல் வந்த கௌபாய் பீபாப் எடுத்துக்கொள்ளுங்கள். யோகோ கன்னோ கேட்டதை மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்காததையும் எழுதிக் கொண்டுவந்தார். அதைக் கேட்டுத் தனக்குப் புதுக் காட்சிகள் தோன்றியதாக இயக்குநர் ஷினிச்சிரோ வதனபே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காட்சி முதலில், இசை அப்புறம் என்கிற ஏற்பாட்டில் இதற்கு இடமே இல்லை. படம் பூட்டியாகிவிட்டது, இனிமேல் இசையைக் கேட்டு எதை மாற்றுவது?

————

பழையகேசட் எழுதியது:

நல்ல இழை. கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அனிமே இசையைத் தனி ஆல்பமாக உட்கார்ந்து கேட்கலாம் என்று ஜப்பானில் நிரூபித்தது விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ. தொடர் டிவியில் வந்தது 1974-இல். ஹிரோஷி மியாகவா இசை. 1977-இல் அந்த இசையை எடுத்து சிம்பொனிக் தொகுப்பாகத் திரும்ப எழுதி, தனியாகப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். டிவியில் வந்த துண்டுகளை ஒட்டிப் போட்டது இல்லை, கேட்பதற்கென்றே கட்டியது. அது நன்றாக விற்றது. கார்ட்டூன் என்றால் தலைப்புப் பாடல் மட்டும் இசைத்தட்டில் போதும் என்று இருந்தவர்கள் பின்னணி இசைக்கும் கடையில் இடம் ஒதுக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அடுத்தது இமேஜ் ஆல்பம். இது ஜப்பானின் தனி வழக்கம், இந்த இழைக்கு ரொம்ப முக்கியம். படம் முடிவதற்கு முன், சில நேரம் ஓவியமே அதிகம் வரைவதற்கு முன், கதையின் உலகத்தை மட்டும் வைத்து ஒரு முழு ஆல்பம். இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷி அனிமே இயக்குநர் மியாசாகியின் வட்டத்துக்குள் வந்ததே இப்படித்தான். நாசிகா படத்துக்கு 1983-இல் இமேஜ் ஆல்பம் எழுத மட்டும்தான் அவரைக் கூப்பிட்டார்கள். படத்துக்கு வேறு யாராவது பெரிய பெயர் இசையமைப்பதாகத்தான் திட்டம். அந்த ஆல்பத்தைக் கேட்ட மியாசாகிக்கும், தயாரிப்பாளராக இருந்த இசாவோ தகாஹாதாவுக்கும் பிடித்துப்போய்ப் படத்தையும் அவரிடமே கொடுத்தார்கள். 1984-இல் படம் வந்தது. மீதி எல்லோருக்கும் தெரியும்.

ஆக, தனி ஆல்பம்தான் முதல் படி, படத்தின் இசை அதிலிருந்து வடிகட்டி எடுத்தது. கேட்டுப் பாருங்கள்: இமேஜ் ஆல்பத்தில் ஒரு மெட்டு முழு நீளத்துக்கு, சின்தசைசர், தாளம் எல்லாம் வைத்துப் பாட்டு மாதிரி ஓடும். அதே மெட்டு படத்தில் நாலே சுரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

————

டெசிபல் எழுதியது:

பழையகேசட் சொன்னதை வைத்தே நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பிரிவுக்கோடு அனிமேக்கும் படத்துக்கும் நடுவே இல்லை. எது முதலில் வந்தது, படமா இசையா, அங்கேதான் கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வகையும் கிடக்கின்றன.

1938-இல் ஐசென்ஸ்டைனின் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி. புரோகோஃபியேவ் சில பகுதிகளுக்குக் காட்சியைப் பார்த்து எழுதினார். சில பகுதிகளில் இசை முதலில் தயாராகி, அதற்கேற்ப ஐசென்ஸ்டைன் வெட்டினார். அடுத்த ஆண்டே அந்த இசையைக் கச்சேரி மேடைக்கான கண்டாட்டாவாக (பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) திரும்ப எழுதினார் புரோகோஃபியேவ். இன்றைக்கும் மேடைகளில் வாசிக்கிறார்கள்.

1968, ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட். மொரிக்கோனே முக்கியமான மெட்டுகளைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார். செர்ஜியோ லியோனே அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஓடவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார். கேமரா எவ்வளவு மெதுவாக மேலே ஏற வேண்டும் என்று தீர்மானித்தது இசை.

1982, ஈ.டி. கடைசித் துரத்தல் காட்சி. படத்தோடு ஒட்டி வாசிக்க முயன்றும் ஜான் வில்லியம்ஸுக்குத் திருப்தி இல்லை. படத்தை அணைத்துவிடுங்கள், கச்சேரியில் வாசிக்கிற மாதிரி வாசியுங்கள் என்றார் ஸ்பீல்பெர்க். அப்புறம் அந்தப் பதிவுக்கேற்பக் காட்சியைத் தானே திரும்ப வெட்டிக்கொண்டார். அந்தப் பதினைந்து நிமிடம் தனியாகக் கேட்டாலும் நிற்கிறது என்றால் அதுதான் காரணம்.

இன்னும் கிட்டே வாருங்கள். ஜோக்கர் (2019) படத்துக்கு ஹில்டுர் குட்னடோட்டிர் திரைக்கதையைப் படித்துவிட்டு எழுதிய செல்லோ இசையைத் தளத்தில் ஓடவிட்டார்கள். கழிவறையில் ஆடுகிற ஆட்டம் அதைக் கேட்டு அங்கேயே பிறந்தது. ஹான்ஸ் சிம்மர் டியூன் படத்துக்காக 2021-இல் 'ஸ்கெட்ச்புக்' என்று தனி ஆல்பமே வெளியிட்டார், படத்தின் ஆல்பத்துக்குப் புறம்பாக. ஜப்பானில் 1983-இல் இருந்த இமேஜ் ஆல்பம்தானே அது, பெயர்தான் வேறு.

————

மழைரேடியோ எழுதியது:

அப்போ அகிரா எந்தப் பக்கம்?

————

பழையகேசட் எழுதியது:

இசை முதலில் வந்த பக்கம், சந்தேகமே இல்லை. 1988-இல் வந்த அனிமே படம். கேய்னோ யமாஷிரோகுமி குழுவிடம் இயக்குநர் ஒட்டோமோ ஏறக்குறைய முழுச் சுதந்திரம் கொடுத்தார். அந்தக் குழு தொழில்முறைத் திரை இசைக்காரர்களால் ஆனது இல்லை. தலைவர் ஷோஜி யமாஷிரோ வேறு பெயரில் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானி. பாலித் தீவின் மூங்கில் வாத்தியங்கள், ஜப்பானின் பழைய நோ நாடகப் பாணிக் குரல், சின்தசைசர் எல்லாம் கலந்து சிம்பொனிக் தொகுப்பாக எழுதினார்கள். படத்தில் அதிலிருந்து எடுத்த பகுதிகள்தான் வருகின்றன.

இதில் வேடிக்கை, அகிராவுக்கு இன்னொரு ஆல்பமும் உண்டு. அதில் இசையோடு வசனமும் சத்தங்களும் சேர்ந்து வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த இழையின் மொத்த விவாதமும் காதில் கேட்கும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். இரண்டாவதில் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தவுடன் படத்தைப் பார்க்கலாமே என்று எழுந்துவிடுகிறேன்.

————

கிளிக்டிராக் எழுதியது:

வரிசையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். நான் வசனத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது பாதிப் பிரச்சினை.

படத்தில் ஒரு காட்சியில் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றால், மனிதக் குரல் நிற்கிற இடத்தில் வாத்தியம் நிற்கக் கூடாது. செல்லோவும் ஆணின் குரலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். அதனால் மேலே லேசாகக் கொஞ்சம், கீழே லேசாகக் கொஞ்சம், நடுவில் காலி என்று எழுதுவோம். அந்த நடு, வசனத்துக்கு விட்ட இடம். மெட்டு என்று ஒன்று இருந்தால் அதுவும் வசனங்களுக்கு இடையில் மூச்சு விடுகிற இடங்களில்தான் எட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்ததற்கப்புறம் மிக்ஸில் இன்னும் இறக்கிவிடுவார்கள்.

இதை ஆல்பத்தில் போட்டால்? நடுவில் ஓட்டை உள்ள இசை. கேட்பவருக்கு 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்றுதான் இருக்கும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குக் காசே கொடுத்தார்கள்!

இதன் மறுபக்கம், இசையே இல்லாத இடங்கள். ஹிசாயிஷியின் லபுட்டா நல்ல உதாரணம். 1986-இல் வந்த படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதில் இசை சுமார் ஒரு மணி நேரம். டிஸ்னியின் ஆங்கிலப் பதிப்புக்காக 1999-இல் அவரே திரும்ப எழுதிப் பதிவு செய்தபோது அது சுமார் 90 நிமிடமானது. அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு நீண்ட மௌனம் பழக்கமில்லை என்பதுதான் காரணம். தனி ஆல்பமாக இரண்டாவது பதிவு கொழுத்த ஆர்க்கெஸ்ட்ரா, கேட்கச் சுகம். படத்தோடு பார்த்தால் முதலாவதில் இருந்த காற்று போய்விட்டது. என் கருத்து இது, அடிக்க வராதீர்கள்.

————

விரல்நுனி எழுதியது:

அடிக்கத்தான் வருகிறேன். புதுப் பதிவில் தொடக்கக் காட்சியில் வானத்துக் கப்பல்கள் மோதும் இடத்தில் இசை இருப்பது எனக்கு நன்றாகவே இருந்தது.

இன்னொன்று, இங்கே எல்லோரும் ஆல்பம் என்றால் அது தனிக் கலைப்படைப்பாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுகிறீர்கள். எனக்கு ஆல்பம் ஒரு நினைவுப் பொருள். படத்தில் என்ன கேட்டேனோ அது அப்படியே, வெட்டிய சுற்றோடு, நடு ஓட்டையோடு வேண்டும். 1982-இல் வந்த ஈ.டி. ஆல்பத்தில் வில்லியம்ஸ் கேட்பதற்கேற்ற மாதிரி மாற்றியமைத்துத் தனியாகப் பதிவு செய்த வடிவங்கள் இருந்தன. நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் வந்த பதிவு அது இல்லை. அதே ஆண்டு பிளேட் ரன்னர் வந்தது. வான்ஜெலிஸின் அசல் இசை அதிகாரபூர்வ ஆல்பமாக வெளிவர 1994 ஆனது. அதுவரை கடையில் கிடைத்தது வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த தழுவல். சின்தசைசர் இசைக்கு ஆர்க்கெஸ்ட்ரா தழுவல்! அப்படிப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர்களிடம் போய் 'கேட்பதற்கேற்ற வடிவம்' என்று சொல்லிப் பாருங்கள்.

————

ஒற்றைத்தந்தி எழுதியது:

விரல்நுனி, உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. 1994 பிளேட் ரன்னர் ஆல்பத்தை வான்ஜெலிஸ் படத்தில் இருந்தபடியே விடவில்லை. டிராக்குகளை ஒன்றோடொன்று கலந்து, இடையில் பட வசனங்களைத் தூவி, படத்தில் இல்லாத இசையையும் சேர்த்து ஒரே நீரோட்டமாகக் கட்டினார். ஒரு மணி நேரத் தனிப் படைப்பு அது. படத்தின் நினைவுப் பொருளாக வாங்கியவர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள், முழுப் பதிவு வேண்டும் என்று.

டிவி அனிமேயிலும் ஆல்பம் கட்டுவது தனி வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹிரோயுகி சவானோவின் அட்டாக் ஆன் டைட்டன் (2013) ஆல்பத்தில் பின்னணிப் பாடல்கள் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வரும். சண்டைக்கு நடுவில், வசனத்தோடு சேர்ந்தே ஓடும். கிளிக்டிராக் சொன்ன வசன விதிக்கு நேர் எதிர்! வரிகள் ஜப்பானிய மொழியில் இல்லாததால் அங்கே பார்ப்பவர் காது வசனத்தை விட்டுப் பாட்டுக்குத் தாவாது, அந்தக் குரல் இன்னொரு வாத்தியம் போல ஆகிவிடுகிறது என்பது என் ஊகம்.

————

கிளிக்டிராக் எழுதியது:

ஊகம் சரியாகத்தான் படுகிறது. வசனத்துக்கு நடுவே தெரியாத மொழிக் குரலைப் போட்டு இசை எழுத எனக்கும் ஆசைதான், எந்த இயக்குநரும் விடவில்லை.

————

நடுநிசி_ஆர்மோனியம் எழுதியது:

எல்லோரும் ஜப்பானுக்கும் ஹாலிவுட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் யாருக்கும் ஞாபகம் வரவில்லையா?

1986-இல் வந்தது. எந்தப் படத்துக்கும் எழுதியது இல்லை, தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை என்று சொல்லி எழுதிய தனி ஆல்பம். பிறகு பாலு மகேந்திரா வீடு படத்தை எடுத்தபோது, பாடலே இல்லாத அந்தப் படத்துக்கு இந்த ஆல்பத்திலிருந்து இசையை எடுத்து வைத்தார். கட்டிக்கொண்டே இருக்கும், முடியாத வீட்டைக் காட்டும்போது அந்த வயலின் வருகிறதே, அதை அந்தப் படத்துக்காக எழுதவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நம்மிடம் ஆல்பம் என்றாலே பாடல்கள்தான். பின்னணி இசை ரீ-ரெக்கார்டிங் அறையோடு சரி, பெரும்பாலும் தட்டாகவோ கேசட்டாகவோ வந்ததில்லை. ரசிகர்கள் படத்திலிருந்தே பிஜிஎம் பிரித்தெடுத்து, வசனம் கேட்காத இடமாகப் பார்த்து வெட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். விரல்நுனிக்கு 'அப்படியே வேண்டும்' என்றால் அதைவிட அப்படியே எதுவும் கிடையாது, கூடவே கதவு சாத்துகிற சத்தமும் இலவசம்.

————

டெசிபல் எழுதியது:

அருமையான உதாரணம், ஆர்மோனியம். இசை முதல், படம் பின் என்பதன் கடைசி எல்லை அது: எழுதும்போது படம் என்கிற எண்ணமே இல்லை.

அந்த எல்லையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இல்லாத படங்களுக்கு இசை. பிரையன் ஈனோ எழுபதுகளில் மியூசிக் ஃபார் ஃபிலிம்ஸ் என்று ஒரு ஆல்பம் போட்டார், கற்பனைப் படங்களுக்கான இசை என்கிற எண்ணத்தில். 1995-இல் அவரும் யூ2 குழுவும் சேர்ந்து பாசெஞ்சர்ஸ் என்ற பெயரில் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். டிராக்குகளில் பெரும்பாலானவை இல்லாத படங்களுக்கு. அதிலிருந்து ஒன் மினிட் வார்னிங் என்ற டிராக்கை எடுத்து கோஸ்ட் இன் தி ஷெல் என்ற அனிமே படத்தின் ஆங்கிலப் பதிப்பின் முடிவுப் பெயர்ப் பட்டியலில் வைத்தார்கள். இல்லாத படங்களின் இசைக்கு நடுவே இருந்த ஒரு டிராக் இருக்கிற படத்தில் போய் உட்கார்ந்தது.

ரியூச்சி சகாமோட்டோவின் 2017 ஆல்பமான அசிங்க் இதே ஜாதி. ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி எடுக்காத ஒரு தார்கோவ்ஸ்கி படத்துக்கு இசை என்று அவரே சொன்னார். படங்களுக்கு எழுதியே பழகினவர், தனி ஆல்பம் எழுத உட்காரும்போதும் ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டார் பாருங்கள்.

————

விரல்நுனி எழுதியது:

அந்த ஆங்கிலப் பதிப்பு மாற்றம் அநியாயம். கென்ஜி கவாய் அந்தப் படத்தில் ஒரே பாட்டை மூன்று இடத்தில் வைத்தார்: தொடக்கத்தில் உடல் உருவாகும்போது, நடுவில் மழையில் நகரத்தைச் சுற்றும்போது, முடிவில். பழைய ஜப்பானிய மொழியில் கல்யாணப் பாட்டு. பல்கேரியக் கூட்டுக்குரல் பாணியில் சுரங்களை அடுக்கி, ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகிகளைப் பாடவைத்தார். மூன்றாவது முறை முழுசாக வளர்ந்து வருவதற்காகத்தான் முதல் இரண்டும். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைத்தால் கட்டடத்தின் மேல்மாடியைக் கழற்றிய மாதிரி.

நகரத்தைச் சுற்றும் அந்த மூன்று நிமிடத்தில் வசனமே கிடையாது. கிளிக்டிராக், உங்கள் நடு ஓட்டை அங்கே தேவையே இல்லை. அதனால்தான் அது ஆல்பத்திலும் முழுசாக நிற்கிறது. படத்துக்காகவே எழுதியது, ஆனாலும் தனியாக நிற்கிறது. இதை உங்கள் முதல்-பின் கோட்டில் எங்கே வைப்பீர்கள், டெசிபல்?

————

டெசிபல் எழுதியது:

படத்தில் இசைக்கு இடம் விட்டிருக்கிறார் மமோரு ஓஷி. இயக்குநர் வசனத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டால், எந்த வரிசையில் எழுதினாலும் இசை நிற்கும். கோட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

————

பழையகேசட் எழுதியது:

கென்சுகே உஷியோவையும் இந்த இடத்தில் சேர்க்க வேண்டும். கோயே நோ கட்டாச்சி (2016) படத்தின் நாயகிக்குக் காது கேட்காது. உஷியோ நிமிர்ந்த பியானோ ஒன்றின் உள்ளே மைக்குகளை வைத்துப் பதிவு செய்தார். சுரத்தோடு சேர்ந்து சுத்தியல் நகர்வது, கம்பளித் துண்டு உரசுவது, மரம் முனகுவது எல்லாம் கேட்கும். சாதாரணப் பதிவில் ஒழித்துக்கட்டுகிற சத்தங்கள் அவை. காது கேட்காதவருக்கு ஒலி அதிர்வாகத்தான் எட்டும் என்பதால் கருவியின் உடம்பையே கேட்கவைக்கிறார். ஹெட்ஃபோனில் கேளுங்கள், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். படத்திலிருந்து பிரிக்கவே முடியாத காரணத்துக்காகச் செய்த விஷயம், ஆனால் அந்தக் காரணம் தெரியாதவருக்கும் ஆல்பம் வேலை செய்கிறது.

————

மழைரேடியோ எழுதியது:

டெம்ப் டிராக் பற்றி யாரும் பேசவில்லையே? எடிட்டர் தற்காலிகமாக வேறு படத்து இசையை ஒட்டிவிட்டு, இயக்குநர் அதிலேயே மயங்கிவிடுவது.

————

கிளிக்டிராக் எழுதியது:

அந்தப் புண்ணைக் கிளறாதீர்கள். 'இதே மாதிரி, ஆனால் இதே இல்லாமல்' என்று கேட்பார்கள்.

பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 2001: எ ஸ்பேஸ் ஒடிசிக்கு (1968) அலெக்ஸ் நார்த் இசை எழுதிப் பதிவும் செய்தார். கூப்ரிக் கடைசியில் எடிட்டிங்கின்போது வைத்திருந்த ஸ்ட்ராஸையும் லிகெட்டியையுமே வைத்துக்கொண்டார். தன் இசை இல்லை என்பது திரையில் பார்க்கும்போதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. அவர் இறந்த பிறகு 1993-இல் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அதைப் பதிவு செய்து ஆல்பமாக்கினார். படத்துக்காக விநாடிக் கணக்கில் எழுதிய இசை, படமே இல்லாமல் ஆல்பம் மட்டுமாக மிஞ்சிவிட்டது. ஒற்றைத்தந்தி, இதைக் கேட்டுவிட்டு உங்களுக்குத் தடுக்கல் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

————

புதுக்காது எழுதியது:

முழு இழையும் படித்தேன். படம் நிறையப் பார்த்திருக்கிறேன், இசையைத் தனியாக ஆல்பமாகக் கேட்டதில்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து தொடங்குவது என்றால் எது?

————

பழையகேசட் எழுதியது:

பிரின்சஸ் மோனோனோகே. மியாசாகி படம், ஹிசாயிஷி இசை. ஒரே கதை, ஒரே ஆள், மூன்று ஆல்பம். 1996-இல் இமேஜ் ஆல்பம், படம் வருவதற்கு முந்தின வருடம். 1997-இல் படத்தின் இசை. 1998-இல் செக் ஃபில்ஹார்மோனிக் வாசித்த சிம்பொனிக் தொகுப்பு. நாயகன் அஷிதாகாவின் மெட்டை மட்டும் மூன்றிலும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். முதலாவதில் படம் என்னவாகும் என்று தெரியாமல் எழுதியிருக்கிறார். இரண்டாவதில் காட்சிக்குக் கட்டுப்பட்டு எழுதியிருக்கிறார். மூன்றாவதில் காட்சி முடிந்துபோய்விட்டது, மேடை மட்டும்தான்.

————

விரல்நுனி எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள், புதுக்காது. படம் பார்த்தவருக்கு அதுதான் வாசல். பழையகேசட் எப்போதும் எதையும் தேதி வரிசையில்தான் கேட்கச் சொல்வார்.

————

ஒற்றைத்தந்தி எழுதியது:

நார்த்தின் ஆல்பம் கேட்டேன், கிளிக்டிராக். முதல் டிராக்கில் தடுக்கல் எதுவும் தெரியவில்லை, அது பிரம்மாண்டமாக எழுந்து முடிகிறது. நடுவில் ஒரு மெதுவான டிராக்கில் மட்டும் கை ஒரு இடத்தில் தப்பியது. அந்த இடத்தில் திரையில் என்ன நடந்திருக்கும் என்று படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் நிமிடக் கணக்கோடு இங்கே போடுகிறேன்.